பொட்டு வச்ச பெட்டி

நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணுலயே கெடக்கு. கொம்பையா அண்ணாச்சி டீயக் குடிச்சிட்டு வந்து கம்ப்யூட்டரப் பாத்தாரு, நாப்பத்தொண்ணு. மூஞ்சியக் கழுவித் தொடச்சிட்டு வந்து பாத்தாரு, அப்பவும் நாப்பத்தொண்ணு சதவீதம்தான். இது நூறு ஆகுறதுக்குள்ள ஒரு பிள்ளையப் பெத்து, மொட்ட போட்டு, காதும் குத்திரலாம் போலருக்கேன்னு நெனச்சாரு. நெனச்சது தப்பாப் போச்சு. காதுன்னு வந்ததும் மனசு போயி அங்கனயே முட்டிக்கிட்டு நின்னுருச்சு. நேத்து அவ என்ன கேட்டா? எதுக்கு நாம சரி சரின்னோம்? டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்காரி வேலுத்தாய் எடது பக்கமா உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னா. இவரு வழக்கம்போல, அதான் ஆவணியில இருந்து வழக்கமாப் போச்சே, "சரி சரி"ன்னு தலைய ஆட்டுனாரு. அவ உரிக்கிறத நிப்பாட்டிட்டு இவரு மூஞ்சியக் கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் மறுபடி பூண்ட எடுத்துக்கிட்டா. அந்தப் பார்வ இருக்கே, அது இன்னைக்கு சாயங்காலம் மூணு மணி வரைக்கும் இவரு சட்டப் பையிலயே கெடக்கு. தம்பி வீட்டுக்குப் போறேன்னு சொன்னாளோ? போயி பத்து நாள் இருக்கேன்னாளோ? இல்ல, வராமலே இருந்துருறேன்னாளோ? அதுக்கும் சரி சரின்னுட்டமோ? நாப்பத்திரெண்டு. அப்பா, அசஞ்சிருச்சு.

ஆவணியில நடந்தது இதுதான். கயத்தாறுல ஒரு கல்யாணம், செண்ட மேளம், பதினெட்டுப் பேரு. சத்தம் எப்பிடிப் பதிவாகுதுன்னு பாக்கேன்னு இவரு போயி அந்தக் கூட்டத்துக்கு நடுவுல எடது காதக் குடுத்துக்கிட்டு நின்னாரு. பதிவு நல்லாத்தான் ஆச்சு. காதுலதான் மறுநாள் ஒரு வண்டு பூந்தமாதிரி ஞொய்ங்ங்குன்னு இருந்துச்சு, அப்பறம் வண்டும் செத்துப் போச்சு, காதும் செத்துப் போச்சு. யாருகிட்டயும் மூச்சு விடல. கோவில்பட்டி பஸ்டாண்டுக்குப் பின்னால இருக்குற மங்களஒளி ஸ்டுடியோவுல இருபத்தாறு வருசமாக் கல்யாண வீடியோவுக்குச் சத்தம் சேக்குற மனுசன், எனக்கு ஒரு காது கேக்கலன்னு எந்த வாயால சொல்லுவாரு? கேமராக்காரன் கண்ணு தெரியலன்னு சொன்ன கதையால்ல போகும். ஹெட்போன அப்பிடிப் போட்டுக் கொஞ்சம், திருப்பிப் போட்டுக் கொஞ்சம்னு வண்டி ஓடுது. எதுக்க நின்னு ஒராள் பேசுனா ஒரு கொறையும் இல்ல, உதட்டப் பாத்தே பாதியப் புடிச்சிருவாரு. ரெண்டு பேரு சேந்து பேசுனாத்தான் கூத்து. அப்ப ஒரே பதில்தான், சரி சரி. ஊருல பாதிப் பேரு பொழப்பு அந்த ஒரு வார்த்தையிலதான ஓடுது, நம்ம பொழப்பும் ஓடட்டுமேன்னு இருந்துட்டாரு.

சத்த வேல கொறைஞ்சதும் மொதலாளி சீனிராஜ் இவரு தலையிலயே மெஷினுகளயும் கட்டிட்டாரு. படிச்சது எட்டாப்பு. ஆனா தட்டித் தட்டியே கத்துக்கிட்டாரு, எதுவும் கேட்டா கடகடன்னு சொல்லுவாரு. மேசைக்கு அடியில எடது பக்கம் இருக்கே கருப்புப் பெட்டி, அதுக்குள்ளதான் இந்த ஸ்டுடியோவோட மொத்த உசுரும். உள்ள ரெண்டு டிஸ்க்கு. கடையில மிரர்னு சொல்லிக் குடுத்தான், இவரு கண்ணாடிம்பாரு. ஒண்ணுல எழுதுனா அதே எழுத்து மத்ததுலயும் விழுந்துரும், கண்ணாடில மூஞ்சி விழுற மாதிரி. ஒண்ணு மண்டயப் போட்டாலும் மத்தது காப்பாத்திரும். பொண்ணு தல குனியுறது, மாப்பிள்ள தாலிய எடுத்துக்கிட்டு எந்தப் பக்கம் முடிச்சுப் போடன்னு முழிக்கிறது, மாமனாரு வேட்டி அவுந்தது, எல்லாமே ரெண்டு ரெண்டு. மண்டபத்துல எடுக்குறத மொதல்ல சின்னச் சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்குல கொட்டி, அதுல இருந்து பெட்டிக்கு ஏத்துவாங்க. அப்பிடி ஏத்தி முடிச்ச எக்ஸ்டர்னல் பன்னெண்டு மாடியில பீரோவுல இருக்கு. காலையில மொதலாளி வந்து தோள்ல கையப் போட்டாரு, "அண்ணாச்சி, தை பொறந்தாச்சு. நாளான்னைக்கு மொத முகூர்த்தம், ஒரே நாள்ல நாலு எடம். பீரோவுல இருக்குற பன்னெண்டையும் அழிச்சாத்தான் சூட்டிங்குக்குப் போக முடியும். ஆனா பெட்டி மந்தமா இருக்குன்னு எடிட்டிங்குல மெர்சியும் நாகஜோதியும் மூக்கால அழுவுதுக. ஒரு டெஸ்ட்டப் போட்டு எனக்கு ரெண்டே ரெண்டு நம்பர் குடுங்க. வாசிக்கிற வேகம், எழுதுற வேகம். நல்லாருந்துச்சுன்னா நாலு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிருவேன்." ஆக, இவரு வாயில இருந்து வர்ற ஒத்த வார்த்தையில பன்னெண்டு வீட்டுக் கல்யாணம் தொங்குது. நல்லாருக்குன்னு சொன்னா, அப்பறம் அந்தக் கல்யாணமெல்லாம் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

காலையில போட்ட மொத டெஸ்ட்டு ரெண்டாயிரத்தி நானூறுன்னு காட்டுச்சு. ராக்கெட்டு! மொதலாளியா இருந்தா மாலையப் போட்டுருப்பாரு. இவரு சிரிச்சுக்கிட்டாரு. பொய்யி. சின்னப் பாடமாக் குடுத்ததுனால மெஷினு புஸ்தகத்தத் தொறக்காமலே ஞாபகத்துல இருந்து ஒப்பிச்சிருக்கு, இவரு எட்டாப்புல ஒப்பிச்ச மாதிரியே. மெஷினு ஞாபகத்துல அடங்காத அளவுக்குப் பெரிய பாடமாக் குடுத்தாத்தான் அது டிஸ்க்கத் தொட்டுப் படிக்கும். அப்பிடிக் குடுத்ததுதான் இப்ப நாப்பத்தஞ்சுல தவழுது. ஏசி உர்ருன்னு ஓடுது. கண்ணு சொக்குது. கழுத்து எடது பக்கமாவே திரும்பித் திரும்பி, நல்ல காதக் குடுத்துக் குடுத்து, ஒரு பக்கம் கட்டையாப் போச்சு. ராத்திரி படுத்தா அந்தக் கட்டதான் மொதல்ல தூங்கும், மத்த ஒடம்பு அப்பறமா வரும். அம்பத்தி மூணு வயசுக்கு இம்புட்டு அசதி இருக்கலாமா? அசதி ஒடம்புல இல்ல. கேக்குற மாதிரி நடிக்கிறதுல இருக்கு. நடிகனுக்காவது நடுவுல எடவேள விடுவான்.

அந்நேரம் வலது பக்கம் மெர்சி வந்து நின்னா. இருபத்தஞ்சு வயசு, பேசுனா பம்புசெட்டு மாதிரி. "அண்ணாச்சி, அந்த எட்டயபுரத்துக் கல்யாணம் இருக்குல்ல, நாதஸ்வரம் ஒரே கரகரன்னு வருது, நீங்க வந்து கேக்கணும், நாகஜோதி என்னடான்னா அதுல சினிமாப் பாட்டப் போட்டு மூடிருவோம்ங்குறா, பொண்ணோட அப்பாதான் நாதஸ்வரமே வாசிச்சாராம், மூடுனா அந்த மனுசன் நம்மள மூடிருவாரு" ன்னு இழுத்துக்கிட்டே போறா. எடது பக்கம் கதவத் தொறந்து மொதலாளி தலைய மட்டும் நீட்டி என்னமோ கேட்டாரு. உதடு அசஞ்சது. பெருவெரல ஒசத்திக் காட்டுன மாதிரியும் இருந்துச்சு. கொம்பையா அண்ணாச்சி அங்கிட்டுத் திரும்பி, "சரி சரி" ன்னாரு. தல போயிருச்சு, கதவு சாத்திக்கிச்சு. மெர்சி, "நான் கேட்டதுக்கா சரின்னீங்க, அவருக்கா?" ன்னா. "ரெண்டுக்குந்தான்" ன்னு மொதலாளி கொரல்லயே சொல்லிக் காட்டுனாரு. அவ சிரிச்சுக்கிட்டே போயிட்டா. இவரு எல்லாரையும் சிரிக்க வச்சே அனுப்பிருவாரு. சிரிக்கிறவன் மறுபடி கேள்வி கேக்க மாட்டான்ல.

அம்பத்தெட்டு. எழுவது. எம்பதுல இருந்து மளமளன்னு ஓடி, மூணு இருவதுக்கு நூறு. வாசிப்பு நூத்தி அறுவத்தி மூணு. எழுத்து நூத்தி அறுவது. ஒரு செகண்டுக்கு இத்தன எம்.பி. போதும், ரெண்டு நம்பரு வந்துருச்சு, சீட்டுல எழுதி மாடிக்குக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போயி, நேத்து எதுக்குச் சரின்னோம்னு நைசாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் படுத்துறலாம். பேனாவ எடுத்தாரு. எடுத்த கை நின்னுச்சு. குனிஞ்சு பெட்டி பக்கவாட்டப் பாத்தாரு. ரெண்டர வருசத்துக்கு முன்ன, வாங்குன அன்னைக்கு, அவரே மார்க்கர்ல எழுதி வச்சிருக்காரு: வா. 178, எழு. 151, ரெ.பே. 310. அந்த ரெ.பே.யப் பாத்து மொதலாளி ஒரு தடவ, "யாரு அண்ணாச்சி அது, பெட்டி வித்தவன் இனிசியலா?" ன்னு கேட்டாரு. ரெண்டு பேருன்னு அர்த்தம். ரெண்டு பேரு ஒரே நேரத்துல வாசிச்சா என்ன வேகம்னு. அது கெடக்கட்டும். வாசிப்பு அன்னைக்கு நூத்தி எழுவத்தெட்டு, இன்னைக்கு நூத்தி அறுவத்தி மூணு. நியாயம். டிஸ்க்கு நெறைய நெறைய வேகம் கொறையத்தான் செய்யும், வயித்த நெறச்சுட்டு ஓடச் சொன்னா யாருதான் ஓடுவா. ஆனா எழுத்து அன்னைக்கு நூத்தி அம்பத்தொண்ணு, இன்னைக்கு நூத்தி அறுவது. கூடியிருக்கு. அதெப்படி கூடும்? ஒரே பெட்டி, ஒரே வயசு, வாசிக்கிறவனுக்கு நர விழுந்துருக்கு, எழுதுறவனுக்கு மட்டும் மீச மொளைக்குதா?

விட்டுருவோம்னு பாத்தாரு. கூடத்தான செஞ்சிருக்கு, கொறைஞ்சாத்தான கேப்பாங்க. மொதலாளி, புதுசுல இருந்தத விட நல்லாருக்கேன்னு குதிக்கத்தான் போறாரு. கண்ண மூடுனாரு. மூடுனா அக்கினி தெரியுது. இருபத்தாறு வருசத்துல எத்தன ஆயிரம் தடவ எடிட் பண்ணுன சீனு, கண்ண மூடுனாலே ஓடும். மாப்பிள்ள சுண்டு வெரலும் பொண்ணு சுண்டு வெரலும் கோத்துக்கிட்டு அக்கினியச் சுத்துறாங்க. பொண்ணு பட்டுச்சேல தடுக்கத் தடுக்க மெதுவாத்தான் வரும். மாப்பிள்ள எம்புட்டு வாட்டசாட்டமா இருந்தாலும் பொண்ணு நடைதான் அவன் நட. வெரல விட முடியாதுல்ல. இந்தப் பெட்டியும் அப்பிடித்தான். ரெண்டு டிஸ்க்குலயும் எழுதி முடிச்சாத்தான் ஒரு எழுத்து முடிஞ்சதாக் கணக்கு. அன்னைக்குக் கடையில ஒரே மாதிரி டிஸ்க்கு ரெண்டு கெடைக்காம, ரெண்டாவதாக் கொஞ்சம் மந்தமான ஒண்ண மாட்டிக் குடுத்தான். அந்த மந்தத்தோட நடைதான் நூத்தி அம்பத்தொண்ணு. இன்னைக்கு மாப்பிள்ள விறுவிறுன்னு நடக்காருன்னா... கொம்பையா அண்ணாச்சி கண்ணத் தொறந்தாரு. வெரல்ல வெரலு இல்ல.

சேச்சே. அப்பிடி இருக்காது. ஒரு டிஸ்க்கு போனா பெட்டி கத்தும், வெளக்கு எரியும், நமக்குத் தெரியாமயா போகும். அப்பத்தான் இன்னொண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு, வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துச்சு. இந்தப் பெட்டிக்கு ஒரு பாட்டு உண்டு. ரெண்டு டிஸ்க்கும் சுத்துறப்ப ரெண்டும் ஒரே சுதியில சுத்தாது, ஒரு நூல் வித்தியாசம் இருக்கும், சேந்து ம்ம்ம்... ம்ம்ம்... ம்ம்ம்னு அலையடிக்கும், சேராத ரெண்டு நாதஸ்வரம் மாதிரி. இவரு அதக் கேட்டுக்கிட்டேதான் மத்தியானத்துல கண் அசருவாரு. கொஞ்ச மாசமா அந்த அல இல்ல. ஒரே நேர்கோடா ம்ம்ம்ம்ம்னு மட்டும்தான் கேக்குது. இவரு என்ன நெனச்சாரு? காதுதான் ஒண்ணு போச்சே, பாதிச் சத்தந்தான கேக்கும்னு நெனச்சாரு. சத்தக்காரன் நெனைக்கிற நெனப்பா அது! பெட்டிக் கொறைய காது மேல போட்டாச்சு. காதுக் கொறைய யாரு மேலயும் போட முடியாம முழுங்கியாச்சு.

இருந்தாலும் நிச்சயம் இல்ல. நிச்சயம் பண்ண ஒரு வழி இருக்கு, வழி பெட்டி மேலயே எழுதியிருக்கு. ரெ.பே. ஒராள் வாசிச்சா கண்ணாடிப் பெட்டி ஒரு டிஸ்க்குல இருந்துதான் எடுத்துக் குடுக்கும், மத்தது செத்தாலும் பொழச்சாலும் நம்பரு ஒண்ணுதான். ரெண்டு பேரு ஒரே நேரத்துல கேட்டாத்தான் ஆளுக்கு ஒரு டிஸ்க்காப் பிரிஞ்சு வேல பாக்கும். ஒத்தையாக் கேட்டுப் பாத்தா ஊமைக்காயம் வெளிய தெரியாது. இத நெனச்சதும் இவருக்கு முதுகு சில்லுன்னு போச்சு. ஏசிக் காத்தா இருக்கும்னு துண்ட எடுத்துப் போத்திக்கிட்டாரு. இத மெஷினுக்குச் சொல்லுறமா, நமக்குச் சொல்லுறமா? மெர்சியும் நாகஜோதியும் மாசக்கணக்கா இதத்தான பொலம்புச்சுக, "நான் தொறந்தா அவளுக்கு நிக்குது அண்ணாச்சி, அவ தொறந்தா எனக்கு நிக்குது" ன்னு. இவரு அதுகள மாதிரியே மூக்கால பேசிக் காட்டிச் சிரிக்க வச்சு அனுப்பிட்டாரு. வேண்டாம், போடாத, ரெண்டு நம்பர்தான கேட்டாரு, மூணாவது நம்பர யாரும் கேக்கலன்னு ஒரு மனசு. வெரலு அது பாட்டுக்கு ரெண்டு பேருன்னு போட்டு அமுக்கிருச்சு. இது சின்ன டெஸ்ட்டு, ஆறு நிமிசம். அந்த ஆறு நிமிசத்துல வேலுத்தாய் ஊருக்குப் போயி, பெட்டிய எறக்கி, கதவத் தட்டி, தம்பி பொண்டாட்டி காப்பி போட்டுக் குடுத்து, குடிச்சும் முடிச்சுட்டா. வந்தது நம்பரு. முன்னூத்திப் பத்து வரவேண்டிய எடத்துல எழுவத்தொண்ணு. ஒத்த ஆளு ரெண்டு பேருக்கும் மாறி மாறி ஓடி ஓடி நொண்டுன எழுவத்தொண்ணு.

மண்டி போட்டு மேசைக்கு அடியில பூந்தாரு. முட்டி ரெண்டும் மடக்கு மடக்குன்னு பேசுச்சு, அது மட்டும் நல்லாக் கேக்குது. பெட்டி மூஞ்சியில மேல பச்ச வெளக்கு எரியுது. கீழ ஒரு சின்னக் குழி இருக்கணும், ரெண்டாவது வெளக்கு. அந்தக் குழி மேல சந்தனம், அதுக்கு நடுவுல குங்குமம், காஞ்சு கல்லாயி, ஒரு ரூவாக் காசு அகலத்துக்குப் பொட்டு. ஆயுதபூசப் பொட்டு. யாரு வச்சது? இவருதான் வச்சாரு! அன்னைக்கு ரெண்டு வருசத்துக்கு மேல நிக்காம ஓடுன பெட்டியையும் நிப்பாட்டி, தொடச்சு, அதுக்கும் ஒரு நாள் ஓய்வுன்னு விட்டாங்க. மொதலாளி வீட்டம்மா சந்தனக் கிண்ணத்த நீட்டுச்சு, எங்கன வைக்கன்னு பாத்தாரு, பொட்டு வைக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு குழி இருந்துச்சு, அமுத்தி ஒரு அப்பு அப்புனாரு. மறுநாக் காலையில சுவிச்சப் போட்டா பெட்டி கீ... கீ... கீ...ன்னு கத்துது. நாகஜோதி, "அண்ணாச்சி, பெட்டி அழுவுது" ன்னா. இவரு, "நேத்து லீவு போட்ட சொகம், இன்னைக்கு வேலைக்கு வர மாட்டேன்னு அழுவுது" ன்னு சொல்லி, அதே மாதிரி கீ கீன்னு கத்திக் காட்டி, பின்னால இருந்த பட்டன அமுக்குனாரு. அடங்கிருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. ஓடிக்கிட்டே கெடந்தது ஒரு நாள் நின்னதுல அந்த மந்த டிஸ்க்கு மறுபடி எந்திரிக்கல. பெட்டி வாய் விட்டுச் சொல்லியிருக்கு, இவரு வாயப் பொத்திட்டாரு. கண்ணக் காட்டிச் சொல்லியிருக்கு, இவரு கண்ணுக்குப் பொட்டு வச்சிட்டாரு. நகத்தால சொரண்டுனாரு. சந்தனம் பொருபொருன்னு உதுந்துச்சு, வாசம் இன்னும் இருந்துச்சு. உள்ள இருந்து மஞ்ச வெளக்கு, நாலு மாசம் கதவுக்குப் பின்னால நின்ன ஆளு மாதிரி, மூஞ்சிக்கு நேரா எட்டிப் பாத்துச்சு.

அப்பிடியே அங்கனயே உக்காந்துட்டாரு. ஐப்பசி, கார்த்திகக் கல்யாணமெல்லாம் இந்த ஒத்த டிஸ்க்குலயும் பீரோவுலயும்தான் இருக்கு. பீரோவ அழிச்சிட்டா இது ஒண்ணு மட்டும்தான். இது ஒரு நாள் கரெண்டு போயி நின்னா எந்திரிக்குமோ என்னமோ. சொல்லணும். சொன்னா, எப்பிடிப் பாக்காம விட்டீங்கம்பாங்க. பொட்டுன்னு சொன்னா ஊரே சிரிக்கும், இவரு சொல்லி இல்ல, இவரப் பாத்து. அதாவது பரவாயில்ல. சத்தம் மாறுனது ஒங்களுக்குத் தெரியலயான்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே பதிலுதான் இருக்கு. திரும்ப அந்தப் பொட்ட ஒட்டி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிரலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. தோணுச்சுங்க, மறைக்க என்ன இருக்கு, உதுந்த சந்தனத்த உள்ளங்கையில கூட்டிக்கூட வச்சிருந்தாரு.

மணி நாலு. மொதலாளியும் மெர்சியும் சேந்தே உள்ள வந்தாங்க, சேந்தே பேசுனாங்க. அந்தாளு எடது பக்கம், அவ வலது பக்கம். மேசைக்கு அடியில இருந்து தலைய நீட்டி, கொம்பையா அண்ணாச்சி ரெண்டு கையையும் தூக்குனாரு. "ஒராளாப் பேசுங்க. எனக்கு எடது காது கேக்காது." மெர்சி வாயப் பொளந்தா, "அண்ணாச்சி, வெளையாடாதீங்க." "வெளையாட்டு இல்ல தாயி. ஆவணியில இருந்து கேக்காது. பெட்டியிலயும் ஒரு டிஸ்க்கு செத்துப் போச்சு, அது ஆயுதபூசையில இருந்து. பொட்டு வச்சு வெளக்க மூடுனதும் நாந்தான், கத்துனத அமுக்குனதும் நாந்தான். மொதலாளி, பீரோவத் தொடாதீங்க." சீனிராஜ் மொகம் மாவு மாதிரி வெளுத்துச்சு. சுத்தி வந்து, இவருக்கு வலது பக்கமா நின்னு, மெதுவாச் சொன்னாரு, "அண்ணாச்சி, அழிக்க ஆரம்பிச்சிரவான்னு உங்ககிட்ட வந்து கேட்டனே. நீங்க சரி சரின்னீங்களே." கொம்பையா அண்ணாச்சிக்குக் கையில இருந்த சந்தனம் கீழ கொட்டிருச்சு. "எத்தன?" "ரெண்டு. எட்டயபுரமும் கழுகுமலையும். மூணாவத மாட்டிக்கிட்டு, நம்பரு என்னாச்சுன்னு பாக்கத்தான் எறங்கி வந்தேன்." மெர்சி மெதுவா, "எட்டயபுரம்... அந்த நாதஸ்வரம்" ன்னா. யாரும் ஏசல. ஏசியிருந்தாக்கூட நல்லாருந்துருக்கும்.

அப்பறம் நடந்ததெல்லாம் வேல. பெட்டிய நிப்பாட்டக் கூடாதுன்னு சுவிச்சு மேல காகிதம் ஒட்டுனாங்க. அழிச்ச அதே எக்ஸ்டர்னல் ரெண்டையும் கொண்டாந்து மாட்டி, எட்டயபுரத்தையும் கழுகுமலையையும் பெட்டியில இருந்து திரும்ப எறக்க ஆரம்பிச்சாரு அண்ணாச்சி. புது டிஸ்க்குக்கு மொதலாளி மதுரைக்குப் போன் போட்டாரு. நாலு எட முகூர்த்தத்துக்குத் தெரிஞ்சவங்ககிட்ட டிஸ்க்கு எரவல் கேக்குறேன்னு கெளம்பிப் போறப்ப கதவுல நின்னு, "காதுக்கு யாரையாச்சும் பாத்தீங்களா?" ன்னாரு. இவரு இல்லன்னு தலைய ஆட்டுனாரு. "பெட்டிய மட்டும் டெஸ்ட்டுப் பண்ணுங்க" ன்னுட்டுப் போனாரு. அது கோவமா, கேலியா, எரக்கமான்னு இவருக்குப் பிடிபடல. மூணும் சேந்து ஒரே நேரத்துல வந்தா ஒத்தக் காதுல எப்பிடிப் பிரிக்கிறது? கீழ தரையிலயே உக்காந்து, வலது காதப் பெட்டி மேல சாச்சு வச்சுக்கிட்டாரு. ம்ம்ம்ம்ம்ம். ஒத்தையாத்தான் சுத்துது. நின்னுறாத ராசா. எட்டயபுரம் பன்னெண்டு சதவீதம்.

போன் அடிச்சுச்சு. வேலுத்தாய். "என்னங்க, அஞ்சு மணி ஆகப்போகுது, கெளம்பலயா?" "எங்கன?" "நேத்து சரின்னீங்கள்ல." வந்துருச்சு. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டு, "எதுக்குடி சரின்னேன்?" ன்னாரு. "காது டாக்டர்கிட்ட டோக்கன் போடவான்னேன், சரி சரின்னீங்க. போட்டுட்டேன்." "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" "நாலு மாசமாத் தெரியும். ஒத்தையாப் பேசுனா ஒங்களுக்கு எல்லாம் கேக்குது. அதான் நேத்து டிவிய வேணும்னே சத்தமா வச்சிட்டு எடது பக்கம் வந்து உக்காந்தேன்." பூண்டு உரிக்கிறவகூட ரெ.பே. போட்டுப் பாத்துட்டா, நமக்குத்தான் அத மறுபடி போட்டுப் பாக்க ரெண்டர வருசம் ஆச்சுன்னு அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, சிரிக்கத் தெம்பு இல்ல. "இன்னைக்கு ஏழு மணி ஆகும் தாயி. இங்க ஒண்ணு தனியாக் கெடக்கு, விட்டுட்டு வர முடியாது. டோக்கன நாளைக்கு மாத்து." "நாளைக்கு வருவீங்களா? நெசமாக் கேட்டுத்தான் சொல்லுறீங்களா?"

"சரி" ன்னாரு. ஒரு தடவதான் சொன்னாரு.